மர வில்லுக்கு முனை வளைய வேண்டுமா?

பென்னாகரத்தான்:
"முனை வளையாத மர வில் விளையாட்டுச் சாமான்" என்று ஓசூர்க்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாணை விட்டதும் லிம்பில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், மிக வேகமாக ஓடுவது முனைதான். அங்கே மரம் கனமாக இருந்தால் அம்புக்குப் போக வேண்டிய சக்தியை அதுவே தின்றுவிடும். முனையைச் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒடுக்குங்கள். முனையை எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைப்பது எதற்கு?

ஓசூர் வில்லாளி:
எழுதியதை மாற்றப் போவதில்லை. முனை வளைந்தால் கடைசி இழுப்பில் வில் முரண்டு பிடிக்காது, சக்தியும் கூடுதலாகச் சேரும். துருக்கிக்காரரும் கொரியாக்காரரும் சும்மாவா வளைத்தார்கள்?

பென்னாகரத்தான்:
அவை கொம்பும் தசைநாரும் ஒட்டிய வில்கள். உள்பக்கம் நசுங்குவதைக் கொம்பு தாங்கும், வெளிப்பக்க இழுவையை நார் தாங்கும். தனி மரத்தில் வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், உள்பக்கம் குறுக்கே கோடு கோடாக நசுங்கும். முனை எடைக்குப் பதில் சொல்லுங்கள்.

அரூர் தச்சன்:
முதலில் தடிமனைக் கவனியுங்கள். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு 2 மடங்கு, தடிமனை இரட்டித்தால் 8 மடங்கு. இழைப்புளியை ஒரே இடத்தில் கூடுதலாக ஓட்டினால் அந்த இடம் மட்டும் மடங்கும்.

பென்னாகரத்தான்:
சரி தச்சரே, அதை யார் மறுத்தது? பேச்சு முனையைப் பற்றி. டென்மார்க்கில் 1944-ல் கிடைத்த ஹோல்மகார்ட் வில் எல்ம் மரம். லிம்ப் அகலம், முனை ஒடுக்கம். கற்கால மனிதனுக்கே தெரிந்திருக்கிறது.

காவேரிப்பட்டணம் வாசகர்:
டென்மார்க் எதற்கு? அதியமான் ஆண்ட மண் இது. நம் பக்கத்து நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் இல்லையா?

ஓசூர் வில்லாளி:
கல்லில் செதுக்கிய வில்லை வைத்து முனை எடையை எப்படி அளப்பது? அப்புறம் பென்னாகரத்தாரே, உங்கள் மூங்கில் வில் இரண்டாக முறிந்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம்.

பென்னாகரத்தான்:
அது நீங்கள் வாங்கிக்கொண்டு போய், பளபளப்புக்காக வெளித்தோலைச் சுரண்டிய வில். மூங்கிலில் இழுவையைத் தாங்கும் நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. அதைச் சீவினால் முறியாமல் என்ன செய்யும்?

ஓசூர் வில்லாளி:
நான் தொடுவதற்கு முன்பே கணுவில் விரிசல் இருந்தது.

பென்னாகரத்தான்:
கணுவில் விரிசலே இல்லை. அந்த முனையும் சுண்டுவிரல் அகலம்தான், அம்பு எப்படிப் பாய்ந்தது என்று நீங்களே பாராட்டினீர்கள். வளைத்த முனையின் கூடுதல் எடைக்கு இன்னும் பதில் வரவில்லை.

அரூர் தச்சன்:
என் அரத்தை யார் வைத்திருக்கிறீர்கள்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சண்டை போடுங்கள்.