ஒரம்பரை (சொந்தக்காரங்க) குழு: அட்வான்ஸ்ல பெயிண்ட் காசு

கார்த்தி: மாமா, கோயமுத்தூர் சரவணம்பட்டி வீட்டை மாசக் கடைசில காலி பண்றோம்ங். மூணு வருசம் இருந்தாச்சு. வாடகை 14,000, அட்வான்ஸ் 70,000. ஓனர் பெயிண்டுக்கு 32,000, பாத்ரூம் டைல்ஸ் கறைக்கு 6,000 பிடிச்சுக்குவேன்ங்கறார். மிச்சமும் அடுத்த ஆள் அட்வான்ஸ் குடுத்த பொறவுதானாம்.

செந்தில் மாமா: மொதல்ல அக்ரிமெண்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துப் போடு. பெயிண்டுன்னு ஒரு வரி இருக்குதான்னு பார்க்காம பேசறது வீண்.

கார்த்தி: 📷 4 போட்டோ

ரேவதி அத்தை: அப்பவே சொன்னேன் மூணு மாச அட்வான்ஸ்க்கு மேல குடுக்காதீங்கன்னு

செந்தில் மாமா: சட்டத்துல மூணு மாச வாடகைதானுங்க அத்தாச்சி. ஆனா "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா"ன்னு ஒரு கதவைத் தெறந்து வெச்சிருக்காங்க. அஞ்சு மாசம்னு கையெழுத்துப் போட்டாச்சு, அதை இப்பக் கிளறாதீங்க.

செந்தில் மாமா: கார்த்தி, பார்த்தேன். "வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்"னு மட்டுந்தான் இருக்குது. பெயிண்டுக்கு ஒரு மாச வாடகைன்னு எழுதியிருந்தா 14,000 போனதுதான், பேச்சே இல்லை. அப்படி எழுதாததால தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம்தான் பேசும் (22.02.2019ல இருந்து அமல்). அதுல இரண்டாம் அட்டவணை. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர் பாடு. குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருக்கறவங்க பாடு. சாதாரணத் தேய்மானத்துக்கு உன்னைக் கேக்க முடியாது. மூணு வருசத்துல சுவர் மங்கறது தேய்மானம்தான்.

கவிதா அக்கா: மாமா, நானும் லைன் வீடு மூணு வாடகைக்கு விட்டிருக்கேன். பசங்க சுவர் பூராம் கிரேயான்ல கிறுக்கி வெச்சா அதையும் தேய்மானம்னு விட முடியுங்ளா?

செந்தில் மாமா: அது சேதம், கவிதா. அதுக்கு ஓனர் பிடிக்கலாம். ஆனா சேதமான சுவருக்கு மட்டும். முழு வீட்டுக்கும் கணக்குப் போட்டா ஒத்துக்காதே கார்த்தி.

சண்முகம் சித்தப்பா: கொட்டேஷன் குடுத்தாரா? அனுப்பு.

கார்த்தி: எமல்ஷன் பெயிண்ட் 40 லிட்டர், பட்டி (சுவர்ல பூசற மாவு) 40 கிலோ மூட்டை 2, வெளிச்சுவர் ப்ரைமர் 20 லிட்டர், கூலி. இவ்வளவுதானுங் சித்தப்பா.

சண்முகம் சித்தப்பா: வீடு எத்தனை சதுர அடி?

கார்த்தி: 700

சண்முகம் சித்தப்பா: சுவரும் சீலிங்கும் சேர்த்தா தரைக்கு மூணு மடங்கு வரும், 2,100ன்னு வெச்சுக்க. ஒரு லிட்டர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு 120லிருந்து 140 சதுர அடி இழுக்கும். 20 லிட்டர் பக்கெட் ஒண்ணு போதும், மீதியே வரும். ஆணி ஓட்டை அடைக்க 5 கிலோ பட்டி தாராளம். வெளிச்சுவர் ப்ரைமர் எதுக்கு? உன்ற காசுல அவரு காம்பவுண்டுக்கும் சேர்த்து அடிச்சுக்கறார் 😂

சண்முகம் சித்தப்பா: நீ ட்ரில் போட்ட ஓட்டை எத்தனை?

கார்த்தி: ஏசி, டிவி, வாட்டர் ஃபில்டர். பத்துப் பன்னெண்டு இருக்கும்ங்.

சண்முகம் சித்தப்பா: அதை நீயே அடைச்சுப்போடு. ஓட்டைல இருக்கற பிளாஸ்டிக் பிளக்கை உருவிட்டு பட்டி வெச்சு, காஞ்சதும் இன்னொரு தடவை வெச்சு 180 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு விடு. பாத்ரூம்ல போர் தண்ணிதானே?

கார்த்தி: ஆமாங். கார்ப்பரேஷன் தண்ணி சமையலறைக் குழாய்க்கு மட்டும்.

சண்முகம் சித்தப்பா: அப்ப அது உப்புக் கறை. பாத்ரூம் ஆசிட்டை ஊத்திப்போடாதே. டைல்ஸ் நடுவுல இருக்கற சிமெண்டைத் தின்னுரும், குழாய்ல இருக்கற குரோமும் கருத்துரும். அப்புறம் ஓனர் சொல்றது நெசமாயிரும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டர்ல எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 50 கிராம் கரைச்சு, துணில நனைச்சு 20 நிமிசம் ஒட்ட வெச்சு, பிளாஸ்டிக் பிரஷ்ல தேய். கையுறை போட்டுக்க. மார்பிள் இருந்தா அதுமேல படக்கூடாது.

கவிதா அக்கா: அடுத்த ஆள் வந்தாத்தான் தருவேன்ங்கறது எங்க பக்கமெல்லாம் வழக்கந்தான். வாங்குன அட்வான்ஸை செலவு பண்ணிப்போட்டு உக்காந்திருப்பாங்க. அதுக்கு என்ன மாமா பண்றது?

செந்தில் மாமா: வழக்கமா இருக்கலாம். சட்டம், காலி பண்ணுன ஒரு மாசத்துக்குள்ள நியாயமான பிடித்தம் போக மிச்சத்தைக் குடுக்கோணும்ங்குது. அடுத்த ஆள் வர்றது அதுல வராது.

ரேவதி அத்தை: கடைசி மாச வாடகையைக் குடுக்காம அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொன்னா என்ன? எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க

செந்தில் மாமா: ஓனர் மெசேஜ்ல "சரி"ன்னு போட்டா பண்ணலாம். சும்மா நிறுத்துனா பாக்கிக் கணக்குல வந்துரும், அவருக்குப் பேசறதுக்கு ஒரு பிடி கெடச்சுரும்.

கவிதா அக்கா: எழுத்துல என்ன வேணாலும் இருக்கட்டும் மாமா. கைல இருக்கற காசுதான் காசு. நான் கழிச்சுக்கன்னுதான் சொல்வேன்.

கார்த்தி: மாமா, அக்ரிமெண்ட் 11 மாசத்துக்குத்தான் போட்டது. அப்புறம் வாய்மொழியாவே ஓடிருச்சு. பதிவும் பண்ணலைங்.

செந்தில் மாமா: அதுதான் சிக்கல். 11 மாசம்னா பதிய வேண்டாம்ங்கறது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்கு. வாடகை அதிகாரிகிட்டப் பதியறது தனி. எத்தனை மாசம்னாலும் 90 நாளுக்குள்ள அரசு வாடகை இணையதளத்துல ஏத்தி நம்பர் வாங்கோணும். அந்த நம்பர் இருந்தா துணை கலெக்டர் தரத்துல இருக்கற வாடகை அதிகாரிகிட்ட நேராப் போலாம். உனக்கு அந்த நம்பர் இல்லாததால இப்ப வக்கீல் நோட்டீஸ், மசியலைன்னா மூணு வருசத்துக்குள்ள சிவில் கோர்ட். இழுக்கும். அதனால சாவி குடுக்கறப்பவே முடிச்சுக்கப் பாரு.

கார்த்தி: இப்பவே மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணி வெச்சுக்கறாருங்.

செந்தில் மாமா: தண்ணி, கரண்டை நிறுத்தறதுக்கு ஓனருக்கு அதிகாரம் இல்லை, பிரிவு 20. தேதி, நேரத்தோட அவருக்கே மெசேஜ் போடு. சண்டை வேண்டாம், "காலைல 6 மணிலிருந்து தண்ணி இல்லைங்க, மோட்டார் போடுங்க" போதும்.

செந்தில் மாமா: ஒப்படைக்கற அன்னிக்கு கேட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா, சுவர், சீலிங், குழாய் தெறந்து, சுவிட்ச் போட்டு, நிறுத்தாம ஒரே வீடியோ. ஈபி மீட்டர் நம்பரும் ரீடிங்கும் தெளிவாத் தெரியோணும். ரெண்டு மாசத்துக்கொருக்காத்தான் கணக்கெடுப்பாங்க, அதனால கடைசி பில் ரீடிங்கைக் கழிச்சு வர்ற யூனிட்டுக்கு மட்டும் காசு குடு. சாவி எத்தனைன்னு எண்ணி, "வீட்டையும் சாவியையும் பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் பாக்கி ரூ. இவ்வளவு"ன்னு அவர் கையெழுத்து வாங்கு. போடலைன்னா அதையே மெசேஜ்லயும், அவருக்குப் போய்ச் சேர்ந்ததுக்குச் சான்று வர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பு.

கார்த்தி: சரிங் மாமா. சித்தப்பா, எலுமிச்சை உப்பு எங்கீங் கிடைக்கும்?

சண்முகம் சித்தப்பா: மளிகைக் கடைலயே. 100 கிராம் வாங்கு, ரெண்டு தடவை போடோணும்.