தென்னாப்பிரிக்காவில் ஊர் நூலகம் மாகாணத்துக்குப் போகட்டுமா, நகராட்சியிடமே இருக்கட்டுமா?

வடகரை வாசகி:
தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் எங்கள் வார்டு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் நூலகம் சனிக்கிழமை திறப்பதே இல்லை, இரண்டு ஊழியர்களின் ஒப்பந்தம் மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது, அதற்குப் பிறகு யார் கதவைத் திறப்பார்கள் என்று கேட்டேன். கவுன்சிலர் எழுந்து, நூலகம் நகராட்சியின் வேலையே இல்லை, மாகாணத்தின் வேலை, அரசியலமைப்பைப் படித்துப் பாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து படித்தேன். அவர் சொன்னது சரிதான். 1996 அரசியலமைப்பின் 5ஆம் அட்டவணை, முதல் பகுதி: "தேசிய நூலகங்கள் தவிர்த்த நூலகங்கள்". மாகாணத்துக்கு மட்டுமே உரிய அதிகாரங்களின் பட்டியல் அது. அதற்குக் கீழே, நகராட்சி வேலைகளைச் சொல்லும் இரண்டாம் பகுதியில் பூங்கா இருக்கிறது, சந்தை இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, சுடுகாடுகூட இருக்கிறது. நூலகம் இல்லை.

அப்படியானால் மாகாணமே முழுதாக எடுத்துக்கொள்ளட்டும் என்கிறேன். கட்டடம், ஊழியர், புத்தகம் எல்லாம். இப்போது எதைக் கேட்டாலும் இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார்.

இன்னொன்று. எங்கள் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் ஒரே ஒரு தட்டு. போன மாதம் போனபோது பாதிப் புத்தகங்கள் தலைகீழாக நின்றன. அங்கே வேலை செய்யும் பெண் சூலு பேசுபவர், நல்லவர், என் பேத்திக்குப் படக்கதை தேடித் தருபவர். எது மேல் எது கீழ் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். இந்தத் தட்டுக்கு யார் பொறுப்பு என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, நான் ஒரு நகராட்சியில் நிதிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். அட்டவணை நீங்கள் சொன்னபடிதான். ஆனால் நீங்கள் வந்து சேரும் முடிவுக்கு நான் வர மாட்டேன்.

பணம் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். அட்டவணையின் அந்த ஒரு வாசகத்தால் 1996க்குப் பிறகு நகராட்சிகள் தங்கள் பட்டியலில் இல்லாத வேலையைத் தங்கள் வரிப்பணத்தில் செய்துகொண்டிருந்தன. மாகாணங்களிடமும் பணம் இல்லை. அதனால்தான் 2007/08 நிதியாண்டில் மத்திய அரசு சமூக நூலகங்களுக்கென்று நிபந்தனை மானியம் ஒன்றைத் தொடங்கியது. நிபந்தனை மானியம் என்றால் வேறு எதற்கும் தொடக்கூடாத பணம். மாகாணம் ஒரு வேலைத்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், தேசியத் துறை ஒப்புதல் தர வேண்டும், தவணை தவணையாகப் பணம் வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும், செலவழியாதது கருவூலத்துக்குத் திரும்பும். மாகாணம் அதில் ஒரு பங்கை ஒப்பந்தம் போட்டு நகராட்சிக்கு அனுப்புகிறது.

இப்போது உங்கள் மார்ச் 31க்கு வருவோம். மாகாணத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. நகராட்சியின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. மானியத்தில் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு மாகாண ஆண்டை வைத்து ஒப்பந்தம் போடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தாகி முதல் தவணை வந்து சேரும்வரை நகராட்சி தன் கையிலிருந்து கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் கதவு மூடல். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் காவல்காரர் மட்டும்தான் உள்ளே இருந்தார். அந்த இரண்டு மாதமும் நகராட்சி மேலாளரின் வாசலில் மக்கள் வந்து நின்றார்கள், அதனால் ஜூனில் திறந்தோம். மாகாணத்திடம் முழுதாகக் கொடுத்துவிட்டால் நீங்கள் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்? மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும்?

வடகரை வாசகி:
அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் என் பக்கம்தான் பேசுகிறது. இரண்டு பை இருப்பதால்தானே இரண்டு காலண்டர்? ஒரே முதலாளி என்றால் ஒப்பந்தம் ஏன் நடுவில் அறுந்து விழுகிறது? ஆசிரியருக்கு மாகாணம்தான் சம்பளம் கொடுக்கிறது, ஏப்ரல் வந்தால் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்களா?

ஓய்வு நூலகர்:
இரண்டு பேரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மேற்பார்வையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் நூலகத்திலேயே ஆயுளைக் கழித்தவள், கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

மாகாணச் சேவை புதிதாக வந்ததில்லை. 1994க்கு முன்பே கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஃப்ரீ ஸ்டேட் நான்கிலும் மாகாண நூலகச் சேவை இருந்தது. நகரசபை கட்டடமும் ஆளும் கொடுக்கும், மாகாணம் புத்தகம் வாங்கி, பட்டியலிட்டு, உறை போட்டு, டிப்போ என்ற வட்டாரப் புத்தகக் கிடங்கு வழியாக அனுப்பும். டர்பன், ஜோகன்னஸ்பர்க் போன்ற பெரிய நகரங்கள் அதில் சேராமல் தாமே நடத்தின. சிறிய ஊர்களுக்கு டிப்போதான் உயிர். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பழைய பெட்டிகள் போகும், புதிய பெட்டிகள் வரும். புத்தகத்தின் உள்ளே மாகாண முத்திரை இருக்கும், ஏனென்றால் புத்தகம் மாகாணத்தின் சொத்து, நாங்கள் வைத்துக் கடன் கொடுப்பவர்கள் மட்டுமே.

பெட்டியோடு சேர்ந்து ஆளும் வந்தார் என்பதுதான் நான் சொல்ல வருவது. வட்டார நூலகர் ஒருவர் வருவார். தட்டுத் தட்டாகப் பார்ப்பார். புள்ளிவிவரப் பேரேட்டைக் கேட்பார். இந்தத் தட்டில் ஏன் அசைவே இல்லை, குழந்தைகள் பகுதியில் இருக்கை ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பார். திட்டும் விழும். ஆனால் அவர் போன பிறகு நாங்கள் கேட்ட புத்தகம் வரும். உதவியும் கண்டிப்பும் ஒரே ஆளிடமிருந்து வந்ததால் நாங்கள் அவரை நம்பினோம். இப்போது கண்டிப்பு ஒரு படிவத்தில் வருகிறது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை கணினி, எவ்வளவு செலவு. தட்டை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் என் கருத்து: வாங்குவதும் பயிற்சி தருவதும் நேரில் வந்து பார்ப்பதும் மாகாணம். அன்றாடம் நடத்துவது ஊர். அரசியலமைப்பிலேயே 156ஆம் பிரிவு இருக்கிறது, உள்ளூரில் நன்றாக நடக்கும், நகராட்சிக்குத் திறனும் உண்டு என்றால் மாகாண வேலையை ஒப்பந்தத்தின் பேரில் அதற்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதினால் போதும், வருடாவருடம் கடிதம் எதற்கு?

ஜோபர்க் புதியவன்:
நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு 1948லேயே ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். சென்னைப் பொது நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் பின்னால் நின்று வந்த சட்டம் அது. வீட்டு வரி ஒரு ரூபாய் கட்டினால் அதோடு 10 பைசா நூலக வரி. அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும், மேலே பொது நூலக இயக்குநர் மேற்பார்ப்பார். மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேயும் நகராட்சி வரி ரசீதில் நூலகத்துக்கென்று ஒரு வரி போட்டால் என்ன?

இந்த நாட்டுக்கு இது அந்நியமும் இல்லை. கேப் டவுனில் 1818இல் ஆளுநர் சாமர்செட் பிரபு தொடங்கிய நூலகத்துக்கு ஒயின் பீப்பாய்க்கு வரி போட்டுத்தான் பணம் திரட்டினார்கள். அந்த நூலகம்தான் பிறகு பிரிட்டோரியாவின் அரசு நூலகத்தோடு 1999இல் இணைந்து இன்றைய தேசிய நூலகம் ஆனது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, நூலக வரியைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். சட்டம் அருமை, பணம் பெயரோடு வருகிறது. ஆனால் வரியை வசூலிப்பது யார்? மாநகராட்சியும் நகராட்சியும்தானே. வசூலித்ததை ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் பாக்கி வைக்கிறார்கள் என்ற புகார் உங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இங்கே இருக்கிறது. சொத்து வரி எங்கே நிறைய வரும்? உம்லாங்கா மாதிரி வசதியான இடத்தில் வரும். கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஊரில் வராது, நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பழைய ஹோம்லாண்ட் பகுதியில் வரவே வராது. வரிக்கேற்ற நூலகம் என்றால், எந்தத் தெருவில் யார் வாழலாம் என்று 1950இல் குழுப் பகுதிச் சட்டம் கிழித்த கோட்டின் மேலேயே புத்தகத்தையும் பங்கு போடுகிறோம் என்று அர்த்தம். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மத்தியிலிருந்து வரும் மானியத்தின் நியாயமே அந்த இடைவெளியை அடைப்பதுதான்.

ஜோபர்க் புதியவன்:
இதை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பணம் வேறு எதற்கும் போகாமல் பூட்டி வைக்கும் ஏற்பாடு ஒன்று நிரந்தரமாக வேண்டும், வருடாவருடம் பட்ஜெட்டில் ஒருவர் மனது வைத்தால் கிடைக்கும் என்பது கூடாது.

சங்கத்துப் பையன்:
நீங்கள் எல்லோரும் அரசாங்கத்தின் பின்னால் ஏன் ஓடுகிறீர்கள்? எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை, இரண்டு அலமாரி, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு. சாவி எங்களிடம். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை, யாரிடமும் படிவம் நிரப்பவில்லை. தமிழ்ப் புத்தகத்தை நாமே வைத்துக்கொள்வோம், மற்றதை அவர்கள் பார்க்கட்டும்.

வடகரை வாசகி:
தம்பி, உன் அலமாரியை நான் மதிக்கிறேன், உண்மையாகவே. டர்பன் குயின் ஸ்ட்ரீட்டில், காந்தியின் நண்பரான வணிகர் பார்சி ருஸ்தம்ஜி பெயரோடு காந்தி நூலகத்தை நம் முன்னோர்கள் ஏன் கட்டினார்கள் தெரியுமா? ஊர்ப் பொது நூலகத்தில் நமக்கு இடம் இல்லை. என் அப்பா டவுனுக்குப் போனால் அந்தப் பொது நூலகத்தின் படிக்கட்டுவரை போய்த் திரும்பி வந்தவர். நமக்கென்று ஒரு அறையில் படித்துக்கொள் என்று அன்றைக்கு வெள்ளையர்கள் சொன்னார்கள். இன்றைக்கு நாமே அதைச் சொல்லிக்கொள்வதா?

அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது இவற்றோடு தமிழும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. இந்த மொழிகளை வளர்க்க வேண்டும், மதிப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று மொழி வாரியத்துக்குக் கடமை. ஆட்சிமொழி இல்லைதான். ஆனால் பொதுத் தட்டில் ஒரு இடம் கேட்க அது போதும். அடுத்த வீட்டுச் சூலுப் பிள்ளை அந்தத் தட்டைப் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்க வேண்டும், அது கோயிலுக்குப் பின்னால் பூட்டிய அறையில் நடக்காது.

சங்கத்துப் பையன்:
ஆயா, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. என் கோபம் வேறு. போன வருடம் ஒரு நூலகத்தில் பழைய புத்தக விற்பனை மேசையில் பதினொரு தமிழ்ப் புத்தகம் கிடந்தது, ஒவ்வொன்றும் இரண்டு ராண்ட். எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். ஒன்றைத் திறந்தால் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1998. அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை, அதனால் கழித்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களிடம் எப்படி நம்பிக் கொடுப்பது?

ஓய்வு நூலகர்:
கழிக்கும் விதி எல்லா நூலகத்திலும் உண்டு தம்பி, இல்லாவிட்டால் புதியதற்கு இடம் இருக்காது. யார் கையில் எந்த விதி இருக்கிறது என்பதுதான் விஷயம். இத்தனை ஆண்டு அசையவில்லை என்றால் கழி என்று பொதுவாக ஒரு விதி வைத்தால் சிறுபான்மை மொழித் தட்டு முதலில் காலியாகும். அங்கேதான் மாகாணம் வேண்டும். ஒரு ஊரில் அசையாத தமிழ்ப் புத்தகத்தை மேசையில் போடாமல் டிப்போவுக்கு அனுப்பினால், அது டோங்காட்டிலோ சாட்ஸ்வொர்த்திலோ இன்னொரு வாசகரிடம் போகும். பதினொரு ஊரில் பதினொரு தட்டு செத்துக் கிடப்பதற்குப் பதில் ஒரே தொகுப்பு ஊர் ஊராகச் சுற்றும். ஒரு நகராட்சியால் மட்டும் இதைச் செய்ய முடியாது.

வாங்குவதிலும் சிக்கல் உண்டு. அரசு எதை வாங்கினாலும் விற்பவர் மத்திய விநியோகஸ்தர் பட்டியலில் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சென்னையில் இருக்கும் சிறிய பதிப்பாளர் அதில் எங்கே இருக்கப் போகிறார்? உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் நடுவில் வருவார், அவருக்குத் தமிழ் தெரியாது, கிடைத்ததை அனுப்புவார். அப்படித்தான் என் நூலகத்துக்கு ஒரு முறை ஒரே சமையல் புத்தகம் நான்கு பிரதி வந்தது. தேர்வுக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று மாகாணத் துறைக்கு எழுதுங்கள். நான் போய் உட்காரத் தயார், சம்பளம் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இந்தச் சுற்றும் தொகுப்பு என்ற யோசனைக்கு நான் முழு ஆதரவு. ஆனால் கட்டடமும் ஆளும் ஊரிடமே இருக்க வேண்டும் என்பதிலிருந்து நான் நகரவில்லை.

வாசகி அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். நகராட்சி தன் வரைவு பட்ஜெட்டை நிதியாண்டு தொடங்க 90 நாளுக்கு முன்பே மன்றத்தில் வைத்தாக வேண்டும், அதாவது மார்ச் கடைசிக்குள். பிறகு மக்கள் கருத்துக்கு விடுவார்கள். அதில் இரண்டே வரி எழுதிக் கொடுங்கள். ஒன்று, ஏப்ரல் முதல் ஜூன் வரை நூலக ஊழியர் சம்பளத்துக்கு நகராட்சி முன்பணம் ஒதுக்க வேண்டும், மானியம் வந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, மாகாணத்தோடு போடும் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு இருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால் பதிவாகும். கூட்டத்தில் வாயால் சொன்னது காற்றோடு போகும்.

வடகரை வாசகி:
எழுதுகிறேன் அண்ணா. ஆனால் மூன்றாவது வரியாக, மாகாணம் எப்போது முழுப்பொறுப்பு ஏற்கும் என்ற கேள்வியையும் சேர்ப்பேன். மன்னிக்க வேண்டும், அதை விட மாட்டேன்.

அப்புறம், அடுத்த புதன்கிழமை தட்டை ஒழுங்குபடுத்தப் போகிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு உதவியாக இருக்கும். பையா, நீயும் வருகிறாயா?

சங்கத்துப் பையன்:
வருகிறேன் ஆயா. அந்தப் பதினொன்றையும் கொண்டு வரவா?

ஓய்வு நூலகர்:
முதுகில் எதையும் ஒட்டாதீர்கள், மாகாண முத்திரை போட்ட புத்தகம் அது, பசை காய்ந்தால் அட்டை கிழியும். மெல்லிய அட்டையில் தலைப்பை எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள், மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அது எந்தப் பக்கம் தெரிகிறதோ அதுதான் மேலே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். பதினொன்றையும் கொண்டு வாருங்கள், ஆனால் தட்டில் வைத்துவிடாதீர்கள். நன்கொடைப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள், பதிவேட்டில் ஏறாத புத்தகத்தை அடுத்த முறை கழிக்கும்போது யாரும் தேடக்கூட மாட்டார்கள்.