80-ஐத் தொட்டால் உதறும் வண்டி: உங்கள் அனுபவம் என்ன?

கிளட்ச் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பின்சக்கர இழுவை வண்டி. நாலாவது கியரில் 80-ஐத் தொட்டதும் காலடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பும், 90 தாண்டினால் தணியும். ஸ்டீயரிங் ஆடவே இல்லை. சீட்டும் கியர் ராடும்தான் அதிர்ந்தன.

முதலில் போனது வீல் பேலன்ஸுக்கு. எல்லோரும் செய்வதுதானே! இரண்டு முறை பார்த்தாயிற்று, நாலு சக்கரத்திலும் குறை இல்லை. அடுத்த சந்தேகம் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் மேல். அதிர்வு வரும்போதெல்லாம் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 2,500-க்குப் பக்கத்திலேயே நின்றதால், எஞ்சின்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மவுண்டையும் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். என் டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று. பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரென்ஷியலின் விகிதம் 4.1 என்பதால், கியர் பெட்டியிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 41 சுற்று, நிமிடத்துக்கு 2,460. நாலாவது கியர் நேரடி கியர், அதில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். முள்ளைப் பார்த்து நான் ஏமாந்தது இங்கேதான். ஐந்தாவதில் போட்டு அதே 80-ல் ஓட்டினேன். முள் 2,000-க்கு இறங்கியது, ரீங்காரம் அசையாமல் அங்கேயே இருந்தது. எஞ்சின் தப்பித்தது. நொடிக்குப் பத்து என்றால் உடம்பையே ஆட்டுகிற ஆட்டமாக இருந்திருக்கும். இது காதில் விழுகிற அதிர்வு. ஆக டயரும் இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்டின் நடுவில், பல் வைத்த இரண்டு பாகம் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும் வழுக்கு இணைப்பைத் துடைத்தேன். கிரீஸும் மண்ணும் போனதும் இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டியவை, இரண்டு பல் தள்ளி நின்றன. கிளட்ச் வேலைக்காகக் கழற்றியவர் அடையாளம் போடாமல் கழற்றி, கைக்கு வந்தபடி சொருகியிருக்கிறார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயிண்ட் செய்கிற அந்தக் கோணலைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமென்றால் ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயிண்டைப் பிடிக்கும் கவை, அதாவது யோக், இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கழற்றிச் சரியாகச் சொருகினேன், அரை மணி நேர வேலை. அன்றே ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. மவுண்ட் மாற்றிய செலவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இப்படி அலைந்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

* * *

ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு. அவ்வளவுதான் என் கதை. மண்பாதையில் போய்வந்த மறுநாள் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை, பேரிங் போச்சு என்று பயந்தேன். தண்ணீர் அடித்துக் கழுவினேன், சரியாகிவிட்டது. சிரிக்காதீர்கள்.

* * *

அண்ணே, கியர் மாற்றிப் பார்த்தது சரியான சோதனை. ஆனால் பலர் 'நியூட்ரலில் போட்டுப் பார், அதிர்வு நின்றால் எஞ்சின், நிற்காவிட்டால் சக்கரம்' என்று சொல்வார்களே, அதை நம்பி நான் மோசம் போனேன்.

என்னுடையது முன்சக்கர இழுவை. 50-லிருந்து 70 வரை ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டியின் மூக்கு இடவலமாக ஆடும். காலை எடுத்தால் அந்த நொடியே நிற்கும், நியூட்ரலிலும் நிற்கும். ஆக எஞ்சின் என்று பிளக், காயில் எல்லாம் பார்த்தேன். நியூட்ரலில் எஞ்சின் மட்டுமா விலகுகிறது? முன்சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்டின் மேல் இருக்கிற பாரமும்தானே இறங்குகிறது! பாரம் ஏறினால் மட்டும் ஆடுகிற கோளாறு அதில் ஒளிந்துகொள்ளும். வண்டியை நிறுத்திவைத்து அதே ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிப் பார்த்தேன், எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்போதுதான் புத்தி வந்தது.

கழற்றினால், வலப்பக்க ஷாஃப்டின் உள் ஜாயிண்டில் (கியர் பெட்டிப் பக்கம் இருப்பது) மூன்று உருளைகள் ஓடும் தடம் பள்ளம் விழுந்து கிடந்தது. சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயிண்ட் கெட்டால் திருப்பத்தில் 'கடக் கடக்' என்று தானே சொல்லிவிடும். உள் ஜாயிண்ட் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையும் கிழியாமல் முழுசாக இருந்ததால் மெக்கானிக்குக்கும் சந்தேகமே வரவில்லை.

* * *

பின்பக்கம் பாரம் தாங்கட்டும் என்று பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டவன் நான். வண்டி நிமிர்ந்து நின்றது, பார்க்க ஜோராக இருந்தது. கிளம்பும்போது ஒரு நடுக்கம், பிறகு 70-க்கு மேல் இன்னொன்று. முழுப் பாரம் ஏற்றினால் இரண்டும் காணாமல் போகும்! அந்த வினோதம்தான் துப்பு. ஸ்பிரிங் உயர்ந்ததால் ஷாஃப்டின் கோணம் மாறி, முன் ஜாயிண்டும் பின் ஜாயிண்டும் வெவ்வேறு கோணத்தில் நின்றன. பாரம் ஏறி வண்டி அமுங்கினால் பழைய கோணம் திரும்பிவிடும். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்தோம்.

* * *

மேலே கிளட்ச் கதை சொன்ன நண்பருக்கு ஒரு கேள்வி. எனக்கும் அதே மாதிரி ரீங்காரம், ஆனால் அம்புக்குறி நேராகத்தான் இருக்கிறது. ஜாயிண்டுக்குள் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் இரண்டும் புதுசு. ஷாஃப்டை லேத்தில் போட்டுப் பார்த்ததில் வளைவும் இல்லை. வேறென்ன பார்ப்பது?

* * *

ஷாஃப்ட் குழாயைச் சுற்றி முழுசாகத் தடவிப் பாருங்கள். பேலன்ஸுக்காக ஒட்டிய சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அது தெறித்துப்போயிருந்தால் பற்றவைத்த தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்தபோது ஷாஃப்டின் ஒரு பக்கம் திட்டாகப் படிந்திருந்தாலும் இதே தொல்லைதான். புது கிராஸ் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, அதை நகராமல் பிடிக்கும் லாக் வளையம் இரண்டு பக்கமும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஒரு ஹோஸ் கிளிப்பை (ரப்பர் குழாயை இறுக்கும் வளையம்) ஷாஃப்டின் பின்முனையில் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு கால் சுற்று திருப்பி இன்னொரு முறை. திருப்பத் திருப்ப அதிர்வு கூடிக் குறைந்தால் பேலன்ஸ்தான் குறை, கழற்றிப் பேலன்ஸ் செய்யக் கொடுத்துவிடலாம். கிளிப் முனை எதிலும் இடிக்காதபடி கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

* * *

தழும்பு இருக்கிறது! பின்முனையில், கட்டைவிரல் அகலத்துக்கு. நாளைக்குக் கழற்றுகிறேன். இந்த முறை சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டுத்தான்.