சங்க மண்டபத்தை அந்தச் சனிக்கிழமை கொடுக்கலாமா?

சாட்ஸ்வர்த் பேரன்:
விஷயம் இதுதான். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியதும், இங்கே தென்னாப்பிரிக்காவில் தன்பாலீர்ப்பாளருக்கும் திருநங்கையருக்கும் என்று தனியாக நடந்த எச்.ஐ.வி. கிளினிக்குகள் பல மூடிக்கொண்டன. இப்போது மருந்துக்கு டர்பன் நகரம் வரை அலைகிறவர்களின் வண்டிச் செலவுக்காக நம் பிள்ளைகள் நாலைந்து பேர் கூத்து போட்டு வசூலிக்கப் பார்க்கிறார்கள். அப்படி அலைகிறவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் உண்டு. மண்டபத்தை ஒரு சனிக்கிழமைக்கு வாடகையில்லாமல் கேட்கிறார்கள். ஞாயிறு கமிட்டி கூடுகிறது.

வெரூலம் பெரியவர்:
கூடாது என்பது என் கட்சி. கரும்பு வெட்டினவர்கள் சில்லறை சேர்த்துக் கட்டிய மண்டபம் அது. யார் மேலும் எனக்கு வெறுப்பில்லை. ஒரே பாலினத்தார் கல்யாணத்துக்கு 2006-லேயே சட்டம் வந்தது, ஆப்பிரிக்காவில் முதல் நாடு நாம்தான். பதிவு அதிகாரி மனசாட்சியைச் சொல்லி நழுவ முடியாதபடி 2020-ல் அதையும் திருத்தினார்கள். மருந்து அரசாங்க கிளினிக்கில் சும்மா கிடைக்கிறது. அப்புறம் நம் வாசலில் எதற்கு வசூல்? சுகர்ஸ் என்கிற போதைப்பொருளை அடித்துச் சீரழியும் நம் பையன்களுக்கு யார் கூத்து போட்டார்கள்?

மருந்துக்கடை அக்கா:
மருந்து சும்மா கிடைக்கிறது, சரி அண்ணே. எங்கே நின்று வாங்குவது? ஏரியா கிளினிக்கில் ஃபைல் எடுத்துக் கொடுப்பவர் அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஒருநாள் நானே பார்த்தேன். ஆண்பிள்ளைப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார்கள். எதிர் பெஞ்சில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். மாத்திரையை விட்டால் வைரஸ் மறுபடி ஏறும். அதுவா இலவசம்?

உம்லாஸ் குமார்:
அவர்களாவது நம் பிள்ளைகள். வெளிநாட்டுக்காரரை ஏன் சேர்க்கிறீர்கள்? இந்த நாட்டில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வேலையில்லை. என் தம்பி பெயிண்ட் அடிக்கப் போனால் அங்கே பாதிக் கூலிக்கு ஆள் நிற்கிறது.

சாட்ஸ்வர்த் பேரன்:
தம்பி கஷ்டம் பொய்யில்லை குமார். பாதிக் கூலி கொடுக்கிறவர் யார் என்றும் கேள்.

ஆடியில் நம் கோயில் கூழ் அண்டாவைத் துழாவுகிறவர் மலாவிக்காரர். அவர் மனைவி கைக்குழந்தையோடு தடுப்பூசிக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கும்பல் காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. போலீசும் குடியேற்ற அதிகாரியும் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்க முடியாது என்று, வெளிநாட்டாரை விரட்டும் ஆபரேஷன் டுடுலா இயக்கத்தின் மேல் போட்ட வழக்கில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. ஊசி அட்டையில் அந்தக் கட்டம் இன்னும் காலி.

1913 மார்ச்சில் நமக்கும் நடந்ததுதானே? புருஷனிடம் வந்த ஒரு பெண்ணை நாட்டுக்குள் விடவில்லை. அந்த வழக்கில் நீதிபதி சேர்ல் எழுதிய தீர்ப்பால் நம் முறையில் நடந்த கல்யாணமே செல்லாது என்று ஆயிற்று. நம் பாட்டிமார் ஒரே நாளில் வைப்பாட்டிகள்!

வெரூலம் பெரியவர்:
அடுத்து, காந்தியோடு போராடிய தில்லையாடி வள்ளியம்மையை இழுப்பாய். அந்தப் பெண் ஜெயிலுக்குப் போய் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் செத்தது நம் கல்யாணத்துக்காக. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் பங்கு கேட்டால் எப்படி?

மருந்துக்கடை அக்கா:
அண்ணே, அந்த வழக்குப் பெண் பாய் மரியம், முஸ்லிம். யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டா நம் பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள்?

கூத்துக்காரன்:
ஆடப் போகிறவன் நான்தான். அப்பா காலத்தில் நம் தெருக்கூத்தில் (இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றால்தான் தெரியும்) பெண்வேடம் கட்டியது ஆண்கள். திரௌபதியாக விடிய விடிய அழுதவருக்குச் சட்டையில் ராண்ட் நோட்டு குத்தினார்கள். விடிந்து அதே ஆள் வளையலைக் கழற்றாமல் பஸ் ஏறினால்தான் ஊருக்குப் பொறுக்காது.

வெரூலம் பெரியவர்:
என் ஓட்டு இன்னும் கூடாது என்றுதான். இன்று ஒருவருக்கு வாடகை இல்லை என்றால் நாளைக்கு வரிசை நிற்கும்.
அந்த மலாவிக்காரர் குழந்தைக்கு ஊசி என்றைக்கு? தாயையும் பிள்ளையையும் என் பக்கி வண்டியில் கூட்டிப் போகிறேன். வாசலில் எவன் காகிதம் கேட்கிறான் என்று பார்க்கிறேன்.

சாட்ஸ்வர்த் பேரன்:
செவ்வாய் காலை ஏழு மணி, தாத்தா. கோயில் கேட் பக்கம் நிற்பார்கள். குழந்தை சீட் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.