மறுமொழி: ‘டாப்பிக்கல் ஹார்மோன்’ – ‘வலிப்பூச்சு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ‘டாப்பிக்கல் ஹார்மோன்’ (பூசியோ செலுத்தியோ ஓரிடத்தில் இடும் ஹார்மோன் மருந்து) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஹார்மோனை ‘இயக்குநீர்’ என்று சொல்லும் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘இயக்குநீர் வலிப்பூச்சு’ என்று வைத்துவிடலாம். எளிது, தூய தமிழ், பார்த்ததும் புரியும்.

பார்த்ததும் புரிகிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. புரிவது தப்பாகப் புரிகிறதே!

நான் மொழிபெயர்க்கும் கையேடு, மாதவிடாய் நின்றபின் யோனி வறண்டு, எரிச்சலும் உறவின்போது வலியும் காணும் பெண்களுக்கானது. மருந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கிரீம். போன வாரம் வரைவை என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். தலைமாட்டில் எப்போதும் தைலக் குப்பி வைத்திருப்பவர். ‘வலிப்பூச்சு’ என்றதும், “வலிக்கும்போது மட்டும் தடவினால் போதும், இல்லையா?” என்றார். அடுத்த வரியில் ‘மேற்பூச்சு’ வந்தது. படத்திலிருந்த குழலில் விரலை வைத்து, “மேலே பூசுவதற்கு உள்ளே செலுத்தும் குழல் எதற்கடி?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

இந்தக் கிரீம் வலிநிவாரணியே அல்ல. ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்துபோன திசுவை மீண்டும் தடிப்பாக்கி, ஈரப்பசை ஊறச் செய்கிறது. அதனால் வலி தணிகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். வழக்கமாக முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு வாரம் இருமுறை. தைலம்போல நினைத்து இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று தூக்கி எறிவார்கள். ஆகவே பெயரில் ‘வலி’ வேண்டாம்.

‘வெளிப்பூச்சு’, ‘மேற்பூச்சு’ இரண்டும் வேண்டாம். ‘டாப்பிக்கல்’ என்பதன் கிரேக்க வேர் ‘இடம்’ என்ற பொருளுடையது. வெளி, உள் என்ற பேச்சே அதில் இல்லை. சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். கண்ணுக்கிடும் கலிக்கமும் மூக்குக்கிடும் நசியமும் ஆசனவாய் வழிச் செலுத்தும் பீச்சும்கூடப் புறமருந்துதான். ‘புறம்’ என்பதை அவர்கள் தோலோடு நிறுத்தவில்லை. அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது.

பூசும் ஹார்மோன்களெல்லாம் பூசிய இடத்திலேயே வேலை செய்வதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைத் தோளில் தடவுவது தோளுக்காக அல்ல. அது தோலைக் கடந்து இரத்தத்தில் கலப்பதற்காக. தடவியவரின் தோல் பட்டுக் குழந்தைகளுக்குப் பாதிப்பு வந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் கடும் எச்சரிக்கையே அச்சிட வைத்தது. அடிவயிற்றில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும் உடலெங்கும் எழும் வெப்ப அலைகளுக்குத்தான். ஹார்மோனை விடுங்கள், 1979இல் அங்கு ஒப்புதல் பெற்ற முதல் ஒட்டுப்பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். காதுவலிக்கு அல்ல, பயணக் குமட்டலுக்கு. மாறாக, குறைந்த அளவு யோனிக் கிரீமில் இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். பயனர் அஞ்சுவதும் இதைப் பற்றித்தான். ‘புறமருந்து’ என்றால் இரண்டும் ஒரே கூடைக்குள் விழுந்துவிடும்.

முன்பு ஒருவர் சொன்ன ‘இடப்பற்று’ அழகு. முழங்காலுக்குப் பற்றுப் போட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் அதைக் கேட்டால் ஊர்ப்பாசம் என்றல்லவா தோன்றுகிறது? நோவுள்ள இடத்துக்கான மருந்து என்ற பொருளில் வந்த ‘நோவிட மருந்து’ அதைவிட ஆபத்து. பாதிப்பேர் ‘விட மருந்து’, அதாவது நஞ்சு மருந்து, என்று பிரித்துப் படிப்பார்கள்.

என் முன்மொழிவு: இடத்து மருந்து. நாட்டு மருந்து, வீட்டு மருந்து போன்ற அமைப்புதான். ‘இட’ என்று நிறுத்தினால் இடது பக்கம் என்ற மயக்கம் வரும், ‘இடத்து’ என்றால் வராது. இரத்தத்துக்குப் போவதைத் ‘தோலூடு மருந்து’ எனலாம்.

ஹார்மோனை ஹார்மோனாகவே விட்டுவிடுவேன். 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது ‘இயக்குதல்’ என்ற கிரேக்க வினையைத்தான் எடுத்தார். ஆக, ‘இயக்குநீர்’ பொருத்தமே. ஆனால் குழாயிலிருந்து பிதுக்கும் கெட்டியான பொருளை ‘நீர்’ என்றால் அத்தை இன்னொரு கேள்வி கேட்பார்.

*

> இரத்தத்துக்குப் போவதைத் ‘தோலூடு மருந்து’ எனலாம்.

அம்மா, ‘இடத்து மருந்து’க்கு என் ஒப்புதல். மருத்துவனாக ஒரு திருத்தம் மட்டும். ஹைட்ரோகார்ட்டிசோனும் ஹார்மோன்தான், தோல் அழற்சிக்குப் பூசுகிறோம், இடத்து மருந்துதான். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு களிம்பைப் பெரிய பரப்பில் நெடுநாள் பூசினால் அதுவும் உள்ளே இறங்கும். எனவே, ‘இரத்தத்துக்குப் போகாதது’ என்று விளக்கம் எழுதாதீர்கள். ‘இட்ட இடத்தில் வேலை செய்வதற்கென்று தருவது’ என்று எழுதுங்கள்.

*

ஏற்கிறேன் ஐயா, விளக்கத்தை மாற்றிவிட்டேன். கையேட்டில் ‘இடத்து ஈஸ்ட்ரோஜன் கிரீம்’ என்று போகிறது. ‘இடத்து’ இலங்கை நண்பர்களின் காதுக்கு எப்படி ஒலிக்கிறது? அங்கே பாடநூலில் ‘ஓமோன்’ என்பதால் அவர்களுக்குத் தனிப் படி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் எழுதுங்கள்.