ரீலோடிங்: அதே 124 கிரெய்ன், வேறு மூக்கு, தோட்டா பேரலுக்குள் சிக்குகிறது

புதுக்கை:
வணக்கம். 9 மிமீ லூகர் பிஸ்டல் தோட்டாவுக்கு ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, மறுபடி நிரப்புவது) ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை 124 கிரெய்ன் (புல்லட்டின் எடை அலகு), உருண்டை மூக்கு, ஜாக்கெட் போட்ட புல்லட் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன், மொத்த நீளம் 29.2 மிமீ, ஒரு குறையும் இல்லை. அது தீர்ந்துபோனதால் இந்த முறை கோட்டிங் அடித்த ஈய புல்லட் வாங்கினேன், எடை அதே 124 தான், ஆனால் மூக்கு கூம்பு மாதிரி போய் நுனியில் தட்டையாக வெட்டியிருக்கிறது. எடை ஒன்றுதானே என்று டையை (புல்லட்டை கேஸுக்குள் அழுத்தும் அச்சு) மாற்றாமல் அதே 29.2க்கு ஐம்பது தோட்டா போட்டுவிட்டேன்.

முதல் தோட்டாவிலேயே ஸ்லைடு முழுதாக மூடவில்லை. பின்னால் இழுத்தாலும் வரவில்லை, கடைசியில் தட்டித்தான் எடுத்தேன். மிச்சம் உள்ளவற்றைப் பார்த்தால் சிலவற்றில் கேஸ் வாயைச் சுற்றி கோட்டிங் சுருளாக உரிந்து நிற்கிறது. இறங்கும் வரைக்கும் புல்லட்டை இன்னும் உள்ளே அழுத்திவிட்டால் போதுமா? அல்லது நான் வாங்கிய புல்லட்டே தப்பா?

பித்தளைப் பெட்டி:
முதலில் அந்தத் "தட்டித்தான் எடுத்தேன்" பற்றிப் பேசிவிடுவோம் தம்பி. உயிருள்ள தோட்டா சேம்பரில் (பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) சிக்கினால் மேகசினைக் கழற்று, துப்பாக்கி வாய் பாதுகாப்பான பக்கம் இருக்கட்டும், முன்பக்கம் இருந்து கம்பி விட்டுக் குத்தாதே. கையால் வரவில்லை என்றால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புல்லட் தப்பில்லை, நீ நீளத்தைக் கடன் வாங்கியதுதான் தப்பு. உருண்டை மூக்கு மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகும். கூம்பு மூக்கில் முழு விட்டம் உள்ள தோள் ரொம்ப முன்னால் வரை வந்து நிற்கும். இரண்டையும் 29.2க்கு வைத்தால் கூம்பின் தோள் பேரலுக்குள் செதுக்கிய ரைஃப்லிங் சுருள் வரிகளில் போய் முட்டும். உனக்கு நடந்தது அதுதான். சாமி (SAAMI, அமெரிக்கத் துப்பாக்கி-தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) தரத்தில் 9 மிமீ தோட்டாவுக்கு 29.69 மிமீ என்று ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள், ஆனால் அது அதிகபட்சம் மட்டும்தான், எல்லா மூக்குக்கும் பொருந்துகிற நீளம் இல்லை. பேரலுக்குப் பேரலும் இது மாறும். சிஇசட் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மற்ற பிஸ்டலில் ஓடுகிற தோட்டா தங்களுடையதில் ஓடவில்லை என்று புலம்புவதைக் கேட்டிருப்பாய், அதில் வரிகள் சீக்கிரமே தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இது. பவுடரும் பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இல்லாமல் ஒரு வெற்றுத் தோட்டா செய். பேரலைக் கழற்றி வாய் கீழே பார்க்கப் பிடித்து அதை உள்ளே போடு. டொக் என்று சத்தம் கேட்க வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். இல்லையென்றால் கருப்பு மார்க்கரால் தோட்டா முழுக்கப் பூசி மறுபடி போட்டுச் சுற்றி எடு. மூக்குத் தோளில் மை உரிந்திருந்தால் வரியில் முட்டுகிறது, இன்னும் உள்ளே இறக்கு. கேஸ் வாயில் உரிந்திருந்தால், புல்லட்டை வைக்க விரித்த வாய் சரியாக மூடப்படவில்லை. கேஸின் ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால் புல்லட் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சுற்ற ஆரம்பிக்கும் நீளம் தெரிந்ததும் அதிலிருந்து இன்னும் ஒரு 0.4 மிமீ குறைத்துக்கொள், ஏனென்றால் எல்லா புல்லட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்காது (அச்சில் வார்த்ததுதான், இருந்தாலும்).

காலிப்பர் கிறுக்கன்:
மேலே சொன்னது சரி, ஆனால் "இன்னும் உள்ளே இறக்கு" என்பதோடு நிறுத்தினால் ஆபத்து. அழுத்தத்தைத் தீர்மானிப்பதில் வெளியே தெரிகிற நீளத்தைவிட, புல்லட் கேஸுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, பவுடருக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான் பெரிது. 9 மிமீ கேஸ் சின்னது, அழுத்த எல்லை 35,000 பிஎஸ்ஐ, அரை மில்லிமீட்டர்கூடக் கணக்கில் வரும்.

கணக்கு சுலபம்: புல்லட் நீளம் கூட்டல் கேஸ் நீளம் கழித்தல் மொத்த நீளம். உதாரணத்துக்கு, உன் பழைய புல்லட் 15.0 மிமீ, கேஸ் 19.0 என்று வை, 29.2க்கு வைத்தால் உள்ளே 4.8. புது கூம்பு 13.7 மிமீ இருந்து அதை 27.3க்கு இறக்கினால் உள்ளே 5.4. அதாவது 0.6 மிமீ கூடுதல் ஆழம். அதே எடை என்று பழைய பவுடர் அளவை அப்படியே வைத்தால் அழுத்தம் ஏறும். அதனால் அந்த வகை புல்லட்டுக்கு அச்சிட்ட தரவைத் தேடி, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பி. ஏற்கனவே போட்ட ஐம்பதையும் அழுத்தி இறக்காதே, பிரித்துவிடு. பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

ஈயக்காரன்:
கோட்டிங் உரிவதற்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம். கேஸ் வாயைப் போதுமான அளவு விரிக்கவில்லை, அதனால் கூர்மையான விளிம்பு புல்லட்டைச் சீவுகிறது. புல்லட்டை மேலே வைத்தால் கை எடுத்தபிறகும் நேராக நிற்கும் அளவுக்கு விரித்தால் போதும், பூ மாதிரி விரிக்க வேண்டாம், கேஸ் சீக்கிரம் பிளந்துபோகும். இரண்டாவது, ஒரே டையில் சீட்டிங்கும் (புல்லட்டை உள்ளே இறக்குவது) கிரிம்பும் (விரித்த வாயை மூடுவது) சேர்த்துச் செய்கிறாயா? புல்லட் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடினால் சீவத்தான் செய்யும். தனியாக ஒரு டேப்பர் கிரிம்ப் டை (வாயை மடக்காமல் சரிவாக மட்டும் மூடுவது) வாங்கியதிலிருந்து எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

விட்டத்தையும் பார். ஜாக்கெட் புல்லட் 9.02 மிமீ, ஈயம் பெரும்பாலும் 9.04. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஈயம் பேரலைவிடச் சிறுத்திருந்தால் வாயு ஓரமாக ஒழுகி பேரல் முழுக்க ஈயம் அப்பும், அதைச் சுரண்டிய சாயங்காலங்களை நான் மறக்க மாட்டேன். "9 மிமீ" என்று எழுதியிருப்பதை நம்பி மக்காரோவ் புல்லட் வாங்கிவிடாதே, அது 9.27. .38 ஸ்பெஷல் ஈயம் 9.09. பெட்டியில் எழுதியிருப்பதைப் படி, அப்புறம் நீயே அளந்தும் பார். உன் பேரல் பலகோண வரி உள்ளதா என்றும் பார்த்துக்கொள், குளோக் மாதிரி சில தயாரிப்பாளர்கள் ஈயம் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

ஆறு ரவுண்டு:
எதற்கு இவ்வளவு யோசனை? கிரிம்பை நன்றாக இறுக்கிவிட்டால் புல்லட் அசையாது. நான் ரிவால்வரில் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

காலிப்பர் கிறுக்கன்:
ரிவால்வருக்குச் சரி அண்ணா, இவனுக்குச் சரியில்லை. .38, .357 எல்லாம் பின்விளிம்பில் தங்கி நிற்கிற தோட்டா, வாயை உள்பக்கம் மடக்கினாலும் சேம்பரில் நிற்கும் இடம் மாறாது. உங்களுக்கு வருகிற தொல்லையும் எதிர்த்திசையில்: சுடும் உதைப்பில் மிச்சத் தோட்டாக்களின் புல்லட் முன்னால் ஊர்ந்து வந்து சிலிண்டரையே பூட்டிவிடும், அதனால் புல்லட்டின் பள்ளத்தில் மடக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 9 மிமீயும் .45 ஏசிபியும் கேஸ் வாயின் விளிம்பில்தான் தங்கி நிற்கின்றன. அந்த விளிம்பை உருட்டி மடக்கினால் நிற்க இடமில்லை.

அதோடு, இறுக்கினால் பிடிமானம் கூடும் என்பதே இங்கே உல்டா. ரொம்ப இறுக்கினால் ஈயம் நசுங்கி அப்படியே இருந்துவிடும், பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், நடுவில் இடைவெளி விழுந்து புல்லட் தளர்ந்துவிடும். பிடிப்பது சைசிங் செய்த (டையில் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கிய) கேஸின் சுவர்தான். 9 மிமீயில் கிரிம்ப் என்பது விரித்ததைத் திரும்ப நேராக்குவது மட்டும், வாயில் அளந்தால் 9.60 முதல் 9.65 வரை இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிரித்து புல்லட்டைப் பார், கோட்டிங் வெட்டுப்பட்டு உலோகம் தெரிந்தால் அதிகம்.

பிடிமானத்தைச் சோதிக்க, பவுடர் பிரைமர் இல்லாத வெற்றுத் தோட்டாவின் நீளத்தை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, மறுபடி அள. குறைந்திருந்தால் அந்த கேஸ்களை நம்பாதே, மேகசினிலிருந்து ஏறும்போதே புல்லட் பின்னால் போகும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றி இறக்கினாலும் இதே கதைதான்.

ஆறு ரவுண்டு:
ஒப்புக்கொள்கிறேன், ரிவால்வர் மூளையோடு பேசிவிட்டேன். அந்த ஊர்கிற விஷயம் உண்மை, ஐந்து சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்து அளப்பது எனக்குப் பழக்கம்.

புதுக்கை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஐம்பதில் எஞ்சியதையெல்லாம் சுத்தியல் புல்லரில் (தட்டிப் புல்லட்டைக் கழற்றும் கருவி) ஒவ்வொன்றாகப் பிரித்தேன், கை இன்னும் வலிக்கிறது. பாதியில் கோட்டிங் வெட்டு தெளிவாகத் தெரிந்தது, கிரிம்ப் 9.5க்குக் கீழே இருந்திருக்கிறது. வெற்றுத் தோட்டா 27.6ல் சுற்ற ஆரம்பித்தது, 27.2க்கு வைத்துக்கொண்டேன், புல்லட்டையும் அளந்து உள்ளே போகும் ஆழத்தைக் குறித்துவிட்டேன். பவுடர் கீழ் அளவிலிருந்துதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பத்து போட்டுப் பார்த்தால் 27.20ல் ஆரம்பித்து கடைசி இரண்டு 27.05க்குப் போய்விட்டது. டையை யாரும் தொடவில்லை.

ஈயக்காரன்:
சீட்டிங் டையின் தண்டை (புல்லட்டின் மூக்கை அழுத்தும் பகுதி) கழற்றி நுனியைப் பார். உரிந்த கோட்டிங்கும் அழுக்கும் சேர்ந்து அங்கே பிடித்திருக்கும், அது தடிக்கத் தடிக்க புல்லட் ஆழமாகப் போகும். அப்படியே தண்டின் தட்டை நுனியைத் திருப்பிப் போடு, உருண்டை மூக்குக்கான குழி நுனி தட்டை மூக்கைச் சாய்த்துவிடும்.

புதுக்கை:
கழற்றினேன். அரிசி அளவுக்கு ஒரு கருப்பு உருண்டை விழுந்தது. தண்டும் குழி நுனியில்தான் இருந்தது.