மேலப்பாளையம் – பத்தமடை: சைக்கிளுக்கு உள்பாதை உண்டா?

அண்ணாச்சிமாரே, வேலைக்காக தினமும் திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து பத்தமடைக்கு சைக்கிளில் போகிறேன். கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் திரும்புவேன். மூன்று மாதமாக தருவை வழியாக சேரன்மகாதேவி போகும் மெயின் ரோடுதான். போன வாரம் தருவை பக்கம் ஒரு பஸ் உரசினாற்போல் போனதில் மண்ணில் இறங்கி விழுந்தேன். முழங்கைத் தோல் போச்சு, ஹேண்டில் கோணிவிட்டது.

மேப்பில் தேடினால் திரும்பத் திரும்ப அதே ரோடு. சரி என்று பாளையங்கால் வாய்க்கால் கரையில் போய்ப் பார்த்தேன். வயல் காற்று சுகம்தான், ஆனால் முன்னீர்பள்ளம் வருவதற்குள் டயரில் மூன்று உடைமுள். வீடு வரை உருட்டல். பேட்டை, சுத்தமல்லி வழி தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரை, எனக்குச் சுற்று.

நாலைந்து கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. முன்னீர்பள்ளத்திலிருந்து கோபாலசமுத்திரம் பக்கமாகப் பத்தமடைக்கு, மழையிலும் சைக்கிள் உருளுகிற ஊர்ப்பாதை எது?